ஏலமலையில் மரமும் வழியும்

டில்லி, மும்பை, கல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பண்டிகை நாளன்று பாயசத்தில் பொடித்துப் போடப்படும் ஏலக்காயில் பெரும்பங்கு மேற்கு மலைத்தொடரின் ஒரு சிறு பகுதியில் விளைவது. கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மூவாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில், நம் கம்பம் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தவாறு அமைந்துள்ள அப்பகுதிக்கு ஏலமலை என்பது பெயர். அதன் வாணிபத் தலங்களுள் முதன்மையானது வண்டன்மேடு. மலைக்கு மேலே வண்டன்மேடும் அதனை அடுத்த புற்றடியும், மலைக்குக் கீழே போடிநாயக்கனூரும் ஏலக்காய் ஏலத்திற்குப் பேர்பெற்றவை. கம்பம், தேவாரம், கோம்பை, போடி ஆகிய ஊர்களிலிருந்து பல தலைமுறைகளாகத் தமிழர் இம்மலையேறிப் பிழைத்து வந்திருக்கின்றனர். வண்டன்மேட்டுக் கடைவீதியில் தமிழும் மலையாளமும் ஒரே தராசின் இரு தட்டுகளைப் போலச் சரிசமமாக வழங்குவதை இன்றும் கேட்கலாம்.

இக்கட்டுரை ஏலக்காயைப் பற்றியதன்று. அதற்கு நிழல் தரும் காட்டைப் பற்றியது. பொதுமக்களுக்கு உரிய காட்டில் இரு வகையான உரிமைகள் கோரப்படுகின்றன. காட்டில் உள்ள மரம் நாட்டின் செல்வம். முறையாக வெட்டினால் வருவாயும் கிடைக்கும், வேலையும் கிடைக்கும் என்பது ஒரு கட்சி. காடு கண்டு மகிழ்வதற்கும் நடந்து உலவுவதற்கும் உரியது. அங்கே நடைவழிகள் அமைத்தால் மரம் வெட்டாமலே வருவாய் ஈட்டலாம் என்பது மற்றொரு கட்சி. இவ்வழக்கு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் 1960-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், தேசியக் காடுகளை மரத்திற்காகவும், நீருக்காகவும், மேய்ச்சலுக்காகவும், வனவிலங்குகளுக்காகவும், மக்களின் பொழுதுபோக்கிற்காகவும் சேர்த்தே நிருவகிக்க வேண்டும் என்று விதித்தது. சட்டத்தில் இவற்றை ஒரே வாக்கியத்தில் அடுக்கிவிடுவது எளிது. ஒரே மலைச்சரிவில் அடக்குவதே அரிது. அது எவ்வளவு அரிது என்பதை ஏலமலையின் இருநூறு ஆண்டு வரலாறு நமக்கு எடுத்துக் காட்டுகிறது.

பண்டு இம்மலைகள் பூஞ்சாற்றுத் தலைவர்களின் ஆளுகையில் இருந்தன. பின்னர்த் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் அதிகாரம் இங்கே வலுப்பெற்றது. ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சி புரிந்த காலத்தில், 1822-ஆம் ஆண்டில் வெளியான பிரகடனம் ஒன்று மலையில் ஏலம் பயிரிடுவோருக்கு ஆதரவு அளித்தது. அக்காலத்தில் ஏலக்காய் அரசாங்கத்தின் ஏகபோகப் பொருள். குடிகள் விளைத்ததை அரசாங்கப் பண்டகசாலையில் ஒப்படைக்க வேண்டும்; அரசாங்கம் அதனை ஆலப்புழையில் விற்றுப் பொருளீட்டும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறை கைவிடப்பட்டு நிலவரி முறை வந்தது.

ஏலச்செடியின் இயல்பு இங்கே கவனிக்கத்தக்கது. அது நேர்வெயிலைத் தாங்காது. வெள்ளகில், சந்தனவேம்பு, பலா, நாவல் முதலிய பெருமரங்களின் நிழலிலும், உதிர்ந்த இலைகள் மக்கிய ஈரமண்ணிலுமே அது செழிக்கும். ஆதலால் தேயிலைக்குச் செய்ததுபோல் காட்டை அடியோடு அழித்துவிட்டு ஏலம் பயிரிட இயலாது. கீழ்வளரும் செடிகொடிகளை அகற்றலாம். மேலே உள்ள கிளைகளைக் கவாத்து செய்து வெயிலையும் நிழலையும் அளந்து விடலாம். பெருமரம் நிற்கவே வேண்டும். வெட்டி விற்றால் ஒருமுறை பணம். விட்டு வைத்தால் ஆண்டுதோறும் ஏலம். குடியானவனின் சுயநலமே காட்டின் கூரையைக் காத்து நின்ற விந்தை இம்மலையில் நிகழ்ந்தது.

1897-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசாங்கம் இப்பகுதியை ஏலமலைக் காப்புக் காடு என்று அறிவித்தது. நாளடைவில் இங்கே ஒரு விசித்திரமான இரட்டை ஆட்சி வேரூன்றியது. நிலம் வருவாய் இலாகாவின் பொறுப்பு. அதன்மேல் நிற்கும் மரம் வன இலாகாவின் பொறுப்பு. நடுவே வளரும் ஏலச்செடி மட்டும் பயிரிடுவோனுடையது. ஒரே ஏக்கரில் மூன்று உடைமைகள். பயிரிடுவோன் தன் தோட்டத்தில் நிற்கும் மரத்தைத் தன் விருப்பப்படி வெட்ட இயலாது. வன இலாகாவோ அம்மரத்தைக் காக்க நாள்தோறும் அங்கே நிற்க இயலாது.

இவ்வறிவிப்பைக் குறித்து எழுந்த வழக்கு மிகவும் வியப்புக்குரியது. அறிவிக்கப்பட்ட காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே தகராறு. முன்னால் நிற்கும் ஒற்றை எண்ணான இரண்டு இருந்ததா, இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கர் தொங்குகிறது. இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்நீதிமன்றம், இப்பகுதியில் புதிய பட்டாக்கள் வழங்கலாகாது என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தவர்களின் வாழ்வும், நீர் தரும் மலையின் வாழ்வும் அந்த ஓர் எண்ணின் இருபுறமும் நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏலமலையின் முகம் விரைவாக மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பஞ்சம் தலைகாட்டவே, உணவுப் பயிர் விளைவிக்கக் காட்டு நிலங்கள் திறந்துவிடப்பட்டன. 1950-களில் திருவிதாங்கூர்–கொச்சி அரசாங்கம் மலைக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கி, குடும்பத்திற்கு ஐந்து ஏக்கர் வீதம் நிலம் அளித்தது. 1956-ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற கேள்வி நம் மக்களின் மனத்தை எவ்வளவு வருத்தியது என்பதை மூத்தோர் அறிவர். அக்கேள்வி எல்லைக்கோட்டைப் பற்றியதாக இருந்தது. எல்லைக்கோட்டின் இருபுறமும் நின்ற மரங்களைப் பற்றி அன்று பேசியவர் சிலரே. குடியேறியவர்கள் வீடு கட்டினர்; கப்பையும் மிளகும் பயிரிட்டனர். ஏலக்காயை உலர்த்தும் சூளைகள் விறகை விழுங்கின. பிற்காலத்தில் அதிக விளைச்சல் தரும் புதிய ஏல வகைகள் பரவியபோது, மிகுந்த வெளிச்சம் வேண்டி நிழல் மரங்கள் மேலும் மேலும் கழிக்கப்பட்டன. மரத்தைக் காத்து வந்த சுயநலம் இப்போது எதிர்த்திசையில் இழுக்கத் தொடங்கியது. பூப்பாறைக்கு அருகே மதிகெட்டான் சோலையில் ஆக்கிரமிப்புப் பெருகிப் பெரும் வழக்காகி, ஆக்கிரமிப்பாளர் அகற்றப்பட்டு, 2003-ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மரத்தையே நோக்கமாகக் கொண்டு பொதுக்காட்டை ஆண்டால் என்ன நிகழும் என்பதை அறிய, இம்மலைத்தொடர் வழியே சற்று வடக்கே, இன்றைய பாலக்காடு மாவட்டத்தில் உள்ள பறம்பிக்குளத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே தேக்கு மிகுதி. கொச்சி சமஸ்தானம் அம்மரத்தை வெளியே கொணர்வதற்காகச் சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் வரை சுமார் ஐம்பது மைல் தூரத்திற்கு ஒரு காட்டு டிராம் பாதையை அமைத்தது. 1907-ஆம் ஆண்டில் அது முழுமை பெற்றது. செங்குத்தான சரிவுகளில், மரம் ஏற்றிய வண்டிகள் கீழே இறங்கும் பாரமே, வெறும் வண்டிகளைக் கம்பி வடத்தால் மேலே இழுக்குமாறு செய்திருந்த பொறியியல் திறமை இன்றும் போற்றத்தக்கது.

ஆயினும் அந்த இருப்புப்பாதைக்கு ஓயாத பசி. பாதையின் செலவுக்கு ஈடு கட்ட மரம் வேண்டும்; மரம் வேண்டுமெனில் மேலும் உள்ளே செல்ல வேண்டும்; உள்ளே செல்லச் செல்லச் செலவும் கூடும். காடு எவ்வளவு மரம் தரும் என்பதைப் பார்த்துப் பாதையை அளவிடாமல், பாதைக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்பதைப் பார்த்துக் காட்டை அளவிட்டனர். 1951-ஆம் ஆண்டில், இனி இது கட்டுபடியாகாது என்ற முடிவுக்கு அரசாங்கம் வந்தது. அத்தடத்தின் எச்சங்கள் இன்றும் காட்டினுள் காணப்படுகின்றன. வெட்டாது விடப்பட்ட கன்னிமாரா தேக்கு என்னும் முதுமரம் அங்கே நிற்கிறது. ஏறத்தாழ நாலரை நூற்றாண்டு வயதுடையது என்று மதிப்பிடப்படும் அம்மரத்தின் அடியைச் சுற்றிக் கைகோக்க ஐந்தாறு பேராவது வேண்டும். அதைக் காண்பதற்கென்றே மக்கள் வருகின்றனர். பறம்பிக்குளம் 1973-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2010-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே காடர், மலசர், முதுவர் முதலிய பழங்குடியினர் வருவோர்க்கு வழிகாட்டிகளாக இருந்து வருகின்றனர்.

பறம்பிக்குளத்திற்குச் சாலை வழியே செல்வோர் தமிழ்நாட்டின் டாப்ஸ்லிப்பைக் கடந்தே செல்ல வேண்டும். மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமாதலால் அப்பெயர் வந்தது. ஆனைமலைக் காடுகள் அவ்வாறு வெட்டுண்டு வறண்டிருந்த காலத்தில், 1910-களின் நடுவில் அங்கே பொறுப்பேற்ற ஹ்யூகோ உட் என்னும் ஆங்கில வன அதிகாரி, வெட்டுவதற்கு ஒரு வரம்பு கட்டி, அடிமரத்தை விட்டுத் துளிர்க்கச் செய்யும் முறையைக் கையாண்டு, தேக்கு விதைகளை ஊன்றிக் காட்டை மீட்டார். 1933-இல் மறைந்த அவர் தாம் வளர்த்த தேக்குகளுக்கு நடுவே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மரம் வெட்டும் தொழிலுக்குள்ளேயே அளவு என்ற அறம் ஒன்று இருந்தது என்பதற்கு அவர் சான்று. எத்தனை மரம், எந்த ஆண்டில், எந்தச் சரிவில் என்று முன்னதாக எழுதி வைத்து, வெட்டும் மரத்தில் முத்திரைச் சுத்தியலால் அடையாளம் இட்டு, கணக்கு வைத்த பின்னரே கோடரி எடுக்க வேண்டும் என்பது அத்தொழிலின் நல்ல மரபு. அம்மரபு மீறப்பட்ட இடங்களிலேயே காடு அழிந்தது.

நாட்டின் கொள்கையும் படிப்படியாக மாறியது. 1952-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்று குறிக்கோள் வகுத்தது; எனினும் மர வருவாய்க்கும் அதில் உயர்ந்த இடம் இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 1988-ஆம் ஆண்டின் கொள்கை, காட்டின் முதற்பயன் சுற்றுச்சூழலின் நிலைபேறே. வருவாய் அதற்கு அடங்கியதே என்று வெளிப்படையாகக் கூறிற்று. கேரளத்தில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டும் முறை 1980-களில் ஓய்ந்தது. கோடரியின் இடத்திற்குக் காலடி வந்தது. வருவாய்க்கு மாற்று வழியாகச் சுற்றுலா முன்வைக்கப்பட்டது.

ஆனால் காலடியும் காட்டைத் தின்னும் என்பதை நாம் மறக்கலாகாது. வெட்டுண்ட மரம் கணக்கில் ஏறும். மிதியுண்ட நாற்று எந்தக் கணக்கிலும் ஏறாது. வழியை அகலப்படுத்தும் கால்கள், குறுக்கே செல்லும் கால்கள், அணைக்காது விட்ட நெருப்பு, எறிந்து சென்ற நெகிழிப் பை, புல்மேட்டைக் கிழித்துச் செல்லும் ஜீப்பு ஆகிய எதற்கும் முத்திரைச் சுத்தியல் கிடையாது. மரம் வெட்டியவன் குறைந்தபட்சம் தான் வெட்டியதை அறிவான். நடந்து சென்றவன் தான் ஒன்றும் எடுக்கவில்லை என்றே எண்ணிக்கொண்டு போவான்.

இதற்குத் துயரமான எடுத்துக்காட்டு ஏலமலைத் தொடரின் தமிழ்நாட்டுச் சரிவிலேயே நிகழ்ந்தது. போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணிப் பகுதி பழைய வாணிப வழிகளுள் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. சரக்கு சென்ற மலையில் பின்னர்ப் பொழுதுபோக்கிற்காக நடப்போர் வரலாயினர். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கி வந்த நடைபயணக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. உலர்ந்த புல் நிறைந்த சரிவில் தீ காற்றின் வேகத்தில் பரவியது. 23 பேர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் இளவயதினர். மாசி, பங்குனி மாதங்களில் அச்சரிவின் புல் எப்படிப்பட்டது என்பது மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். தெரிந்தவனுடைய அறிவுக்கும், நடக்க வந்தவர்களுடைய ஆர்வத்திற்கும் இடையே ஒரு பாலம் இல்லாமற் போயிற்று.

அப்பாலம் எப்படி அமையும் என்பதற்கு விடை வேறெங்கோ இல்லை. வண்டன்மேட்டிலிருந்து சிறிது தொலைவிலுள்ள தேக்கடியிலேயே இருக்கிறது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபின் தேங்கிய ஏரியைச் சுற்றியுள்ள காட்டைத் திருவிதாங்கூர் அரசாங்கம் காப்புக் காடாக்கியது. 1934-இல் அதன் ஒரு பகுதி வேட்டை விலங்குச் சரணாலயமாயிற்று. 1950-இல் சரணாலயம் விரிவடைந்தது. 1978-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் வந்தது. அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. ஆயினும் காட்டின் ஓரத்தில் வாழ்ந்த ஏழை மக்களுக்கு அவ்வறிவிப்புகளால் கிடைத்தது தடைதான். வயிற்றுப்பாட்டிற்காகக் காட்டுக்குள் நுழைந்து, இலவங்க இனத்தைச் சேர்ந்த வயணை மரத்தின் பட்டையை உரித்துத் திருட்டுத்தனமாக விற்றுப் பிழைத்தவர் பலர். பட்டை உரிந்த மரம் நின்றபடியே பட்டுப்போகும். வன இலாகா அவர்களைப் பிடிக்கும், வழக்குத் தொடுக்கும், வெளியே வந்ததும் அவர்கள் மறுபடியும் காட்டுக்குள் செல்வர். ஒளிந்து நடக்கும் காட்டு வழிகளெல்லாம் அவர்களுக்குத் தத்தம் வீட்டு முற்றம்போல் தெரியும்.

1990-களின் பிற்பகுதியில், உலக வங்கியின் உதவியுடன் நடைபெற்ற சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, வன அதிகாரிகள் சிலர் ஒரு துணிவான முடிவுக்கு வந்தனர். இவ்வளவு நன்றாகக் காட்டை அறிந்தவர்களைச் சிறைக்கு அனுப்புவதால் காட்டுக்கு என்ன இலாபம் என்று அவர்கள் சிந்தித்தனர். பட்டை உரித்து வந்த இருபதுக்கு மேற்பட்டவர்களுடன் பேசினர். அவர்கள் தொழிலை விட்டுவிட இசைந்தனர். அவர்களைக் கொண்டே 1998-ஆம் ஆண்டில் பெரியாறு புலித்தடம் என்னும் நடைவழி தொடங்கப்பட்டது. சிலரே அடங்கிய சிறு குழுக்களாக வருவோரை அவர்கள் காட்டுக்குள் அழைத்துச் செல்வர். ஆயுதம் தாங்கிய வனக்காவலரும் உடன் செல்வார். கிடைக்கும் பணம் அவர்களுடைய சங்கத்தின் நிதிக்குச் சேரும். நடைவழி இல்லாத வேளையில் அதே மனிதர்கள் காட்டைச் சுற்றி வந்து, மரம் வெட்டுவோரையும் வேட்டையாடுவோரையும் கண்காணிப்பர். மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினரும் இவ்வாறே வழிகாட்டிகளாயினர். 2002-ஆம் ஆண்டு முதல் வசந்த சேனை என்னும் பெயரில் அவ்வூர்ப் பெண்கள் கூலி பெறாமலே குழுக்குழுவாகக் காட்டைக் காவல் காத்து வந்தனர்.

இங்கே நிகழ்ந்த மாற்றத்தின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். நடைவழி அமைத்ததால் மட்டும் காடு பிழைக்கவில்லை. அவ்வழியை ஒட்டி நிற்கும் ஒவ்வொரு மரமும் ஒரு குறிப்பிட்ட மனிதனுடைய சோற்றுக்குப் பொறுப்பாளியாயிற்று. ஆதலால் அம்மனிதன் அம்மரத்திற்குப் பொறுப்பாளியானான். ஏலச்செடிக்கு நிழல் வேண்டி நம் முன்னோர் மரத்தைக் காத்ததும் இதே நியாயத்தால்தான். அன்று அந்த நியாயத்தைச் செடி உண்டாக்கியது. இன்று மனிதர் சிந்தித்து உண்டாக்க வேண்டியிருக்கிறது.

காலடிக்கு அளவு கட்டுவது நம் மரபுக்குப் புதியதன்று. தேக்கடிக்கு அருகே மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலைப் பற்றி நேயர்கள் அறிவார்கள். அது புலிகள் காப்பகத்தின் நடுவே இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டுமே அங்கே பக்தர்கள் அனுமதிக்கப்படுகின்றனர். குமுளி வழியாகவும், தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஆயிரக்கணக்கானோர் செல்வர். தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி ஏற்பாடு செய்யும். மாலையானதும் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். மற்ற நாட்களில் அம்மேடு யானைக்கும் காட்டெருமைக்கும் உரியது. இதை ஒரு குறையாகக் கருதி வருந்துவோர் உண்டு. ஆனால் அந்த ஒரு நாளின் அருமையே, மற்ற நாட்களில் அங்கே காடு காடாக இருப்பதனால் விளைவது அன்றோ?

குரங்கணித் துயரத்திற்குப் பின் தமிழ்நாடு அரசாங்கமும் மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், பல மாவட்டங்களில் 40 நடைவழிகளைத் தேர்ந்து, முன்பதிவு முறையில், காட்டோரக் கிராமங்களையும் பழங்குடியினரையும் சேர்ந்த பயிற்சி பெற்ற இளைஞர்களின் துணையுடன் நடக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தேனி மாவட்டத்தில் குரங்கணியிலிருந்து செல்லும் ஒரு வழியும் அவற்றுள் அடங்கும். காட்டுத்தீப் பருவத்தில் வழிகளை மூடுவதும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. மரம் வெட்டுவோரின் பழைய கணக்குப் புத்தகம் இவ்வாறு காலடிக்கும் எழுதப்படத் தொடங்கியிருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அதை மறைத்துவிட்டுக் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக ஏலமலைக்கு ஒரு பழைய நடைவழி உண்டு. முற்காலத்தில் தொழிலாளிகள் அவ்வழியே ஏறிச் சென்று தோட்டங்களில் வேலை செய்தனர். இன்று அவர்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு, கம்பம் மெட்டு வழியாகவோ போடி மெட்டு வழியாகவோ மலையைச் சுற்றிக்கொண்டு செல்கின்றனர். அந்தப் பழைய வழியைச் சாலையாக்கித் தர வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. காப்புக் காடு என்ற தடை குறுக்கே நிற்கிறது. பொழுதுபோக்க வருபவனுக்குக் காட்டில் வழி உண்டு, பிழைக்கப் போகிறவனுக்கு வழி இல்லையா என்று அத்தொழிலாளி கேட்டால், நாம் அவனுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மோட்டார் சாலை காட்டை இரண்டாகப் பிளக்கும் என்பது உண்மை. சாலைக்குப் பின் கடையும், கடைக்குப் பின் கட்டடமும் வரும் என்பதற்கு ஏலமலையே சாட்சி. ஆனால் சாலையை மறுப்பவர்கள் தொழிலாளியின் பயணச் சுமைக்கு வேறு வழி காட்ட வேண்டும். தோட்டத்திலேயே தங்குவதற்கு நல்ல குடியிருப்பும், சுற்றி வரும் வழியில் பாதுகாப்பான பொது வண்டியும் அமைய வேண்டும். காட்டைக் காப்பதன் விலையை ஏழை மட்டும் கொடுப்பானாகில், அக்காடு நெடுநாள் நில்லாது. பட்டை உரித்தவர்களின் கதை நமக்குச் சொன்னதும் இதுவே.

கோடரி வேண்டுமா, காலடி வேண்டுமா என்று கேட்பது வழக்கைத் தவறான இடத்தில் தொடங்குவதாகும். பறம்பிக்குளத்தில் அளவு தவறிய கோடரி தோற்றது. குரங்கணியில் துணையற்ற காலடி தோற்றது. ஆனைமலையில் அளவறிந்த ஒருவர் கையில் வெட்டிய காடும் துளிர்த்தது. தேக்கடியில் வழி தெரிந்தவர்கள் கையில் களவு போன காடும் மீண்டது. எடுப்பது எதுவாயினும், அதற்கு ஒரு கணக்கும், காட்டோரத்தில் வாழ்வோருக்கு அக்கணக்கில் ஒரு பங்கும் இருந்தால் பொதுக்காடு நிற்கும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சாயும்.

தொலைதூர மாநிலங்களில் வாழும் தமிழர்கள் கோடை விடுமுறையில் சொந்த ஊருக்கு வரும்போது, பிள்ளைகளுடன் இம்மலைகளைக் காண வருவது இயல்பு, வரவும் வேண்டும். வரும்போது முன்பதிவு செய்து, பருவம் அறிந்து, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் மலையின் பெயர்களையும் மரங்களின் பெயர்களையும் பிள்ளைகள் கேட்டறியட்டும். அவருக்கு நாம் கொடுக்கும் கூலி இரக்கத்தால் கொடுக்கும் தருமம் அன்று. நமக்கும் உரிமையுள்ள ஒரு காட்டை நம் சார்பில் ஆண்டு முழுவதும் காத்து நிற்பவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.